மூன்றாவது சிலிண்டர்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு எங்கள் வீட்டில் முதலில் இடம் மாறியது கார்தான். அன்னூரில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில்தான் அது எப்போதும் நிற்கும். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது, நடந்து பழக இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பிகள் வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் அதற்கு நீளம் போதவில்லை. போர்ட்டிகோவில் கம்பிகளை நட்டோம். கார் வெளியே, காம்பவுண்டை ஒட்டிய வேப்ப மரத்தடிக்குப் போனது.

அதுவரை அந்தக் காரை நான் ஓட்டினேன் என்று சொல்ல முடியாது. லைசென்ஸ் மட்டும் வைத்திருந்தேன். அவர் நூல் மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். காதை வைத்துப் பிழைக்கிற வேலை என்று அவரே சொல்வார். ஓடுகிற மெஷின்களுக்கு நடுவே பேசிக்கொண்டு போகிறவர் சட்டென்று நின்று, இரண்டு மெஷின் பின்னால் வந்து, ஒன்றின் மூடியில் கை வைத்துப் பார்ப்பாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். "அம்மணி, ஸ்டார்ட் பண்ணு." நான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புவேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்பார். "போதும். ஆஃப் பண்ணிரு." எனக்கும் அந்த இஞ்சினுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

பக்கவாதம் அவருடைய வலது கையையும் காலையும் பிடித்தது. கூடவே பேச்சையும் எடுத்துக்கொண்டது. மற்றவர்கள் சொல்வது அவருக்குப் புரிகிறது, அவர் சொல்ல நினைப்பதற்குத்தான் வார்த்தை வரவில்லை என்று டாக்டர் விளக்கினார். பல வாரங்கள் வெறும் சத்தம்தான் வந்தது. பிறகு ஒரு காலை நேரத்தில், நான் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, தெளிவாக "தண்ணி" என்றார். நான் ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். குடித்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் செய்து, "அப்பா பேசிட்டாரு கண்ணு" என்று சொல்லி அழுதேன்.

ஆனால் அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. கால் வலித்தாலும் தண்ணி. ஃபேனை நிறுத்தச் சொல்வதற்கும் தண்ணி. மகள் வீடியோ காலில் வந்தால் அவளைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து, தண்ணி, தண்ணி என்பார். ஆர்.எஸ்.புரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், சிலருக்கு இப்படி ஒரு வார்த்தை மாட்டிக்கொள்ளும் என்றார். பசுமாட்டுப் படத்தைக் காட்டினாலும் அவர் அதையேதான் சொன்னார். சொன்ன உடனே தப்பு என்று அவருக்கே தெரிந்துவிடும். கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்.

சில மாதங்களில் "ஆமா", "இல்ல" இரண்டும் வந்தன. அதிலும் நம்பிக்கை வைக்க முடியவில்லை. ஆமா என்று சொல்லிக்கொண்டே தலையை இல்லை என்று ஆட்டுவார். காபி வேண்டுமா என்றால் இல்ல என்பார். எடுத்துக்கொண்டு போனால் கோபம் வரும்.

அந்தப் பயிற்சிக்காகத்தான் நான் கார் ஓட்டப் பழகினேன். வாரத்தில் சில நாள் காலையில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, சத்தி ரோட்டில் கோவில்பாளையம், சரவணம்பட்டி, கணபதி என்று ஊர்ந்து ஆர்.எஸ்.புரம் போவோம். பஸ்ஸில் அவரை ஏற்ற முடியாது. வாடகைக் காரில் போனால் டிரைவர்கள் அவர் ஏறி உட்காரும்வரை பொறுப்பதில்லை.

காரில் ஏறுவது எங்களுக்கு ஒரு பெரிய வேலை. இடது கையில் ஊன்றுகோல், வலது பக்கம் நான். வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வரும்போது அவர் நின்றுவிடுவார். ஊன்றுகோலை பானெட்டில் சாய்த்து வைத்துவிட்டு, முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில் உள்ள பிளாஸ்டிக் சல்லடைக்குள் விரலை விட்டு வேப்பிலைகளை எடுக்கப் பார்ப்பார். ஒவ்வொரு இலையாக. விரலில் பாதி நழுவிவிடும். சுத்தக்காரர், இந்த நிலைமையிலும் இலை கிடப்பது பொறுக்கவில்லை என்று நினைத்தேன்.

"நான் கூட்டிக்கிறேனுங்க. நேரமாச்சு, ஏறுங்க."

கையைப் பிடித்து மெதுவாக இழுப்பேன். வந்துவிடுவார்.

ஆனி மாதத்தில் சாரல் பிடித்திருந்த ஒரு காலையில்தான் வண்டி முதல் தடவை தகராறு செய்தது. ஸ்டார்ட் ஆனது, ஆனால் நின்ற இடத்திலேயே குலுங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கை நடுங்கியது. குளிரில் நடுங்குகிறேனோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். மீட்டருக்குப் பக்கத்தில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுங்கியது. ரோட்டில் ஏறினால் ஆக்சிலேட்டரை மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. விட்டு விட்டு உதறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தலையைச் சாய்த்தார். அந்தச் சாய்ப்பை நான் பல நாள் கழித்து அன்றுதான் மறுபடி பார்த்தேன்.

"என்னங்க ஆச்சு? என்ன சத்தம் இது?"

வாயைத் திறந்தார். உதடு ஏதோ ஒரு வடிவத்துக்குப் போய் நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் வந்தது தண்ணிதான்.

பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். கையால் தள்ளினார். பாவம், வேறு எதையோ சொல்ல வந்து இது வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அப்படித்தானே அதுவரை நடந்துகொண்டிருந்தது.

ஆர்.எஸ்.புரம் போவதற்குள் இஞ்சின் சூடாகி, குலுக்கலும் நின்றுவிட்டது.

அன்னூரில் அவருக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் உண்டு. சாரல் விட்டு வெயில் வந்த பிறகு ஒரு நாள் அவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"ஏதோ ஒரு சிலிண்டர் எரியாம மிஸ் அடிச்சிருக்குமுங்க. பிளக்க மாத்திப்போடலாம்" என்றார். கழற்றிய பழைய பிளக்குகளை ஒரு துணியில் வரிசையாக வைத்தார். அதில் ஒன்றில் மட்டும் துரு ஏறியிருந்தது. "வயசாயிருச்சுல்லங்க" என்று சொல்லி அதையும் தூக்கிப் போட்டார். எனக்கு அது சரியாகவே பட்டது. என் கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டு, ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். "அண்ணன் இருந்திருந்தா என்ற கிட்ட வண்டியே வந்திருக்காதுங்க." உயிரோடு இருப்பவரைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டோமே என்று அவரே சங்கடப்பட்டார். எனக்கும் சில நாள் அந்தப் பேச்சுத்தான் வாயில் வந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நாள் வண்டி நன்றாக ஓடியது. பிறகு ஒரு சனிக்கிழமை நானே ஹோஸ் பைப்பைப் பிடித்து வண்டியை நன்றாகக் கழுவினேன். அவர் போர்ட்டிகோக் கம்பியைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் சத்தம் போட ஆரம்பித்தார். ஒரே வார்த்தை, திரும்பத் திரும்ப. பைப்பைக் கீழே போட்டுவிட்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது எழுதும்போதும் தாங்க முடியவில்லை. திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக உள்ளே போய்விட்டார்.

அடுத்த தடவை கிளம்பியபோது குலுக்கல் திரும்பி வந்தது.

இந்த முறை பீளமேட்டுப் பக்கம் உள்ள பெரிய சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஏ.சி. போட்ட அறை, கண்ணாடிக்கு அப்பால் வெள்ளைத் தரை, டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தம்பி. ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "மூணாவது சிலிண்டர்ல மிஸ் ஆனதுக்கு ரெக்கார்ட் இருக்குதுங்க மேடம். ஆனா இப்ப ஓட்டிப் பார்த்தா ஒண்ணும் வரலைங்க" என்றார். வண்டியை அவர்களிடமே விட்டு வைத்தேன். காய்ந்த ஷெட்டுக்குள் நின்ற வண்டி ஒரு தடவைகூடக் குலுங்கவில்லை. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார்கள். பெட்ரோலில் கலப்படம் இருக்கலாம், வேறு பங்க்கில் போடுங்கள் என்றார்கள்.

"மறுபடி வந்தா என்னங்க பண்றது?"

"வந்தா உடனே கொண்டு வாங்க மேடம். வரும்போது பார்த்தாத்தான் தெரியும்."

வரும்போது எப்படிக் கொண்டுவருவது என்று கேட்க நினைத்தேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த மாதங்களில் எனக்கு எல்லாமே இப்படித்தான் இருந்தது. டாக்டரிடம் போனால் அன்றைக்கு என் கணவர் நன்றாக நடப்பார். மெக்கானிக்கிடம் போனால் வண்டி நன்றாக ஓடும். வீட்டுக்கு வந்தால் இரண்டும் படுத்துக்கொள்ளும். நான் சொல்வது எதையும் யாருக்கும் நிரூபிக்க முடியவில்லை.

மகள் போனில், "வித்துருங்கம்மா. நல்ல டிரைவரா ஒருத்தரைத் தெனமும் வரச் சொல்லிக்கலாம்" என்றாள். அவள் நல்லதற்குத்தான் சொன்னாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விக்கலாமாங்க?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல" என்றார். பிறகு மறுபடி ஆமா. எது அவருடைய பதில் என்று தெரியாமல் நான் விற்கிற பேச்சை அப்படியே விட்டுவிட்டேன்.

ஐப்பசி பிறந்ததுமே மழை பிடித்தது. பயிற்சி கொடுக்கும் பெண் ஊருக்குப் போயிருந்ததால் நீண்ட இடைவெளி விழுந்து, அன்றைக்குத்தான் மறுபடி வரச் சொல்லியிருந்தார். இரவெல்லாம் பெய்து காலையிலும் விடவில்லை. சாவியைத் திருப்பியதுமே வண்டி உதறியது. அன்றைக்கு நான் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் இடைவெளி விட்டதில் இருந்த கொஞ்சம் வார்த்தைகளும் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. ஓட ஓடச் சரியாகிவிடும், எப்போதும் ஆகிறதே என்று கிளப்பிவிட்டேன்.

அன்று சரியாகவில்லை. குரும்பபாளையம் தாண்டியதும் இன்னும் மோசமானது. சரவணம்பட்டி சிக்னலில் நின்று எடுத்தால் வண்டி நகரவே மனசில்லாமல் நகர்ந்தது. பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. மஞ்சள் விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் வாடை வந்தது.

அவர் ஆரம்பித்துவிட்டார். தண்ணி. தண்ணி. தண்ணி.

ஒரு கையால் பாட்டிலை எடுத்து நீட்டினேன். தள்ளினார். வண்டி ஏறக்குறைய நின்றுவிட்ட ஓர் இடத்தில், வாயருகே கொண்டுபோய் நானே புகட்டப் பார்த்தேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். சட்டையெல்லாம் கொட்டியது.

"குடிக்கவும் மாட்டேங்கறீங்க, கேக்காமயும் இருக்க மாட்டேங்கறீங்க. நான் என்னதானுங்க பண்றது?"

இடது கையால் டேஷ்போர்டை அடித்தார். மறுபடி அடித்தார். பிறகு விரலை நீட்டி முன் கண்ணாடியைக் காட்டினார். வைப்பர் போதவில்லை என்கிறாரோ என்று வேகத்தைக் கூட்டினேன். "இல்ல, இல்ல." நிறுத்தினேன். "ஆமா" என்றார். கண்ணாடியில் மழை வழிந்து ரோடே தெரியவில்லை. மறுபடி போட்டேன். அவர் விரல் இன்னும் கீழே, கண்ணாடியின் அடியைக் காட்டிக்கொண்டே இருந்தது. பிறகு கையை மடியில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தார். பேச்சு போனதிலிருந்து அவர் அழுகைக்கு மட்டும் தடையே இல்லாமல் இருந்தது.

கணபதிக்கு முன்னால் வண்டி நின்றது. சாவியைத் திருப்பினால் சுற்றியது, பிடிக்கவில்லை. நானும் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். பின்னாலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. இறங்கி என்ன செய்வது என்று தெரியாததால் இறங்காமல் இருந்தேன்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். ரோட்டோர பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள்.

"ஏனுங்க்கா, நியூட்ரல்ல போட்டுட்டு ஸ்டியரிங்க மட்டும் புடிங்க. நாங்க தள்ளறோம்."

ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். என் கணவரின் நனைந்த சட்டையையும் முகத்தையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணும் பதறாதீங்க. பக்கத்துலயே ஒர்க்‌ஷாப் இருக்குதுங்க."

தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்குள் வண்டி போய்ச் சேர்ந்தது. மெக்கானிக்குக்கு என் வயதுதான் இருக்கும். இன்னொரு வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்து, இன்றைக்கு முடியாது என்று சொல்ல வாயெடுத்தவர், நானும் அந்த இரண்டு பேருமாக என் கணவரை இறக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். தோளில் போட்டிருந்த துண்டையும் கொடுத்தார்.

"எப்ப இருந்துங்க்கா இப்படி?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிளக் மாற்றியது, இன்ஜெக்டர் சுத்தம் செய்தது, பெட்ரோல் பங்க் மாற்றியது. சொல்லி முடித்துவிட்டு, "இப்ப ஸ்டார்ட் பண்ணா நல்லா ஓடுமுங்க. எப்பவும் அப்படித்தான் பண்ணும்" என்றேன்.

அவர் சாவியைத் திருப்பினார். பலமுறை திருப்பிய பிறகு வண்டி பிடித்தது. பிடித்து, உடம்பெல்லாம் உதறியது. வாழ்க்கையில் ஒரு வண்டி ரிப்பேராக இருப்பதைப் பார்த்து நான் நிம்மதிப்பட்டது அன்று ஒரு தடவைதான். இன்னொருவர் கண் முன்னால் அது குலுங்கியது.

ஓடுகிற இஞ்சினில், பிளக்குகளுக்குக் கரண்ட் கொடுக்கும் ஒவ்வொரு காயிலின் ஒயரையும் கழற்றி மாட்டினார். முதலாவதைக் கழற்றியபோது குலுக்கல் இன்னும் அதிகமானது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றினார். எந்த மாற்றமும் இல்லை.

"இதுதானுங்க. இது வேலையே செய்யல. கழட்டினாலும் ஒண்ணுதான், மாட்டினாலும் ஒண்ணுதான்."

இஞ்சினை நிறுத்திவிட்டு அந்தக் காயிலை மேலே இழுத்தார். அதன் நீளமான ரப்பர் முனை வெளியே வந்தது. நுனியிலிருந்து சொட்டியது. செல்போன் விளக்கை அடித்து அந்தக் குழிக்குள் குனிந்து பார்த்தார்.

"அக்கா, இங்க வந்து பாருங்க. கெணறாட்ட தண்ணி நிக்குதுங்க."

நான் பார்த்தேன். பிளக் உட்கார்ந்திருக்கும் குழி. அடியில் விளக்கு வெளிச்சத்தில் நீர் மினுங்கியது. எனக்கு உடனே எதுவும் தோன்றவில்லை. இத்தனை சின்னக் குழியா என்றுதான் நினைத்தேன்.

அவர் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு போனார். பானெட்டின் பின்பக்கம், முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் சல்லடையைக் கழற்றினார். உள்ளே வேப்பிலை. காய்ந்தது, மக்கியது, கறுத்துச் சேறாகிப்போனது, நேற்று விழுந்த பச்சை இலை. கை கையாக அள்ளித் தரையில் போட்டார்.

"மரத்தடியில நிறுத்தறீங்களா? தண்ணி போற ஓட்டை ரெண்டு பக்கமும் அடைச்சுப்போச்சு. கண்ணாடில வழியறது எல்லாம் இங்க ரொம்பி, பொறகால இருந்து நேரா காயில் மேல சொட்டியிருக்குது. ரப்பரும் வெடிச்சுப்போச்சு. கரண்டு பிளக்குக்குப் போகாம தண்ணியிலயே போயிருதுங்க." துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "சூடேறினா காஞ்சுரும். ஈரத்தோட வந்ததால தெரிஞ்சுது. காஞ்சு வந்திருந்தா நானும் பிளக்கத்தான் மாத்திக் குடுத்திருப்பேன்."

தரையில் கிடந்த அந்த இலைக் குவியலைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. வைப்பருக்குக் கீழே விரலை விட்டு ஒவ்வோர் இலையாக எடுக்கப் பார்த்த கை. நான் பிடித்து இழுத்த கை.

திரும்பினேன். அவர் நாற்காலியில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மெக்கானிக் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. ரொம்பக் களைத்துப்போயிருந்தார். நான் அவர் முன்னால் போய்க் குந்தினேன்.

"இதைத்தான் சொன்னீங்களாங்க? இத்தனை நாளும்?"

அவர் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"இல்ல" என்றார். சொன்னபடியே தலையை ஆமாம் என்று ஆட்டினார். பிறகு இடது கையை எடுத்து என் தலையில் வைத்தார். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. தள்ளிவிட்ட இரண்டு பேரும் எங்களைப் பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வேலை முடிய மத்தியானம் ஆனது. பக்கத்துக் கடையிலிருந்து புதுக் காயில் வாங்கி வந்து மாட்டினார்கள். குழியைக் காற்றடித்து உலர்த்தினார்கள். அடைப்பை எடுத்து, சல்லடையின் ஓரத்துக்குப் புது ரப்பர் வைத்தார்கள். மெக்கானிக் பழைய காயிலைத் தூக்கிப் போடப் போனபோது என் கணவர் கையை நீட்டினார். வாங்கி, மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரப்பரில் இருந்த வெடிப்பைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். குலுக்கல் இல்லை. எனக்கு அது வெறும் இஞ்சின் சத்தம்தான். அவர் தலையைச் சாய்த்து, வெகு நேரம் கேட்டார். மெக்கானிக் என் பக்கம் பார்க்காமல் அவரையே பார்த்து, "சரியா இருக்குதுங்களாண்ணா?" என்றார். அவருக்கு வாயில் எதுவும் வரவில்லை. கையை மட்டும் மேலே தூக்கி, போதும் என்கிற மாதிரி அசைத்தார். மெக்கானிக் ஆஃப் செய்தார்.

அன்று பயிற்சிக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் வண்டி ஓர் உதறலும் இல்லாமல் போனது. அவர் தூங்கிவிட்டார்.

எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை. வண்டி சரியானதில் வந்த சந்தோஷம் கோவில்பாளையம் வருவதற்குள் போய்விட்டது. அவர் அந்த வார்த்தையைச் சொன்ன நேரங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னது. சொந்தக்காரர்கள் வந்து சுற்றி உட்கார்ந்திருந்தபோது, என்னைப் பார்த்து மட்டும் சொன்னது. ஒரு நாள் மத்தியானம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன், அவர் குடித்துக்கொண்டே இருந்தார். தாகத்தில் குடித்தாரா, மறுத்து மறுத்து அலுத்துப்போய்க் குடித்தாரா, எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் என்ன சொல்ல வந்தார் என்பதும் தெரியாது. இனிமேல் கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது. அவருக்கே நினைவிருக்குமோ என்னவோ.

அடுத்த வாரம் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "அது மாட்டிக்கிட்ட வார்த்தையா, உண்மையிலேயே அதைத்தான் சொல்றாரான்னு எங்களாலயும் எப்பவும் பிரிக்க முடியாதுங்க. கை எங்க போகுது, கண்ணு எங்க போகுதுன்னு பாருங்க. அவசரப்படாதீங்க" என்றார். படம் வரைந்து காட்டச் சொல்லிப் பார்த்தோம். இடது கையில் பென்சில் பிடித்து அவர் போட்ட கோடுகள் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

கார் இப்போது மரத்தடியில் நிற்பதில்லை. தெருவுக்கு எதிர்ப்புறம் வெயிலில் நிற்கிறது. விற்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவருக்கு இன்னும் சில வார்த்தைகள் வந்திருக்கின்றன. ஒரு நாள் வந்தது அடுத்த நாள் இருப்பதில்லை. இதற்கு மேல் எவ்வளவு வரும் என்று கேட்டால் டாக்டர் சரியாகப் பதில் சொல்வதில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு மகள் வந்திருந்தாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு ரவுண்டு போய் வரலாம் என்று அவளே காரை எடுத்தாள். நான் பின்சீட்டில். அவர் முன்னால், அவளுக்குப் பக்கத்தில். ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் சோளக்காடாக இருந்த ரோட்டில் கொஞ்சம் வேகம் பிடித்தாள்.

"அப்பா, இஞ்சின் எப்படிப்பா ஓடுது?" என்று கேட்டாள்.

அவர் பேச ஆரம்பித்தார். வார்த்தை என்று ஒன்றும் இல்லை. ஆனால் நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு, நடுவில் நிறுத்தி யோசித்து, கையை அசைத்து, மில்லில் யாருக்கோ விளக்கிச் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டே போனார். அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அப்பா என்னம்மா சொல்றாரு?"

"தெரியல கண்ணு."

அவர் நிறுத்தவில்லை. ஓரமாக நிழல் இருந்த ஓர் இடத்தைக் காட்டி, வண்டியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். அவர் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.